தை மாசம் கிடை எங்கே கிடந்தது?

தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும் ஆட்டைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தால், ஆட்டைத் தொடும் முன்பே அவரிடம் கேட்பேன்: "தை, மாசியில கிடை எங்க கிடந்துச்சு?" வந்தவருக்கு எரிச்சல் வரும். இப்போது நடப்பது ஆடி. ஆடு கண்ணெதிரே வெளுத்துச் சாகிறது, டாக்டர் ஆறு மாசத்துப் பழங்கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறாரே என்று தோன்றும். ஈரல் தட்டைப்புழு விஷயத்தில் அந்தப் பழங்கதைதான் பாதி வைத்தியம். கால்நடை மருத்துவனாக முதலில் ராமநாதபுரத்து வானம் பார்த்த பூமியிலும், பிறகு காவிரிப் பாசனத்திலும் வேலை பார்த்தேன். இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்திருந்தால் இந்த நோய் எனக்குப் பிடிபட்டிருக்காது.

1970களின் கடைசியில் ராமநாதபுரம் மாவட்டத்தில் சேர்ந்தேன். சிவகங்கையும் விருதுநகரும் அப்போது அதற்குள்ளேயே இருந்தன. ஆட்டு மந்தைக்காரர்களான கீதாரிகள் சம்பா அறுவடை முடிந்ததும் ஆடுகளை நடத்திக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போவார்கள். அறுத்த வயலில் பகலில் மேய்ச்சல், இரவில் அதே வயலில் கிடை. புழுக்கைக்கும் மூத்திரத்துக்கும் நிலக்காரர் பணமோ நெல்லோ அளப்பார். குறுவைக்குத் தண்ணீர் வந்துவிட்டால் ஆட்டுக்கு அங்கே இடமில்லை, ஊர் திரும்பிவிடுவார்கள். திரும்பிய சில வாரங்களில் ஆடுகள் ஒவ்வொன்றாகச் சோரும். கண் இமையை விலக்கினால் வெள்ளைத் தாளாக இருக்கும். உரோமம் கையோடு வரும். சாயங்காலம் வீங்கியிருக்கும் தாடை, இரவில் படுத்து எழுந்தால் சற்று வடிந்திருக்கும்.

நாங்கள் படித்த புத்தகத்தில் தட்டைப்புழு என்றால் சதுப்பு நிலம், ஓயாத ஈரம், நத்தை. நான் நின்ற இடத்தில் கண்மாய் வெடித்துக் கிடந்தது. தாடை வீக்கமும் சோகையும் இரத்தம் குடிக்கும் உருளைப்புழுவாலும் வரும் என்பதால் எல்லாரும் அதற்கான மருந்தைத்தான் முதலில் ஊற்றினார்கள். ஆடு தேறவில்லை. வயதான கீதாரி ஒருவர் என்னிடம் சொன்னார்: "அய்யா, இது தஞ்சாவூர்த் தண்ணி. அங்க போய் வந்த ஆடுதான் விழுது. சினையா இருக்குன்னு போகாம இங்கயே நிறுத்துன ஆட்டுல ஒண்ணுக்கும் ஒண்ணுமில்ல, பாருங்க." பள்ளிக்கூடம் போகாத அந்த மனிதர், ஒரே மந்தையைப் போனது, போகாதது என்று இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டுவிட்டார். இதைவிட ஒழுங்கான ஆய்வு என்று நான் பிறகு படித்தவை கொஞ்சம்தான்.

செத்த ஆட்டை அறுத்துப் பார்த்தோம். ஈரலின் பித்தக் குழாய்கள் தடித்து, வெள்ளைக் கயிறுகளாக மேலே தெரிந்தன. கீறினால் பழுப்பான பித்தத்தோடு புழுக்கள் வழிந்தன. இலை வடிவம், ஒன்றரை இரண்டு அங்குல நீளம். குளிர் நாடுகளிலும் இமயமலைப் பக்கத்திலும் இருக்கும் ஃபாசியோலா ஹெபாட்டிகா இதைவிடச் சின்னது. நம் சமவெளியில் இருப்பது ஃபாசியோலா ஜைகாண்டிகா.

கீதாரி சொன்ன கணக்கைப் புழுவின் கணக்கோடு வைத்துப் பார்த்தால் அச்சாகப் பொருந்துகிறது. பாசனப் பகுதி மாடுகளின் சாணத்தில் முட்டை விழுகிறது. தண்ணீர் இருந்தால்தான் அது பொரியும், அதற்கு இரண்டு மூன்று வாரம். பொரிந்த குஞ்சு ஒரு நாளுக்குள் நத்தையைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சாகும். வயலில் பொறுக்கிச் சமைப்பார்களே, அந்தப் பெரிய நத்தை இதற்கு ஆகாது. விரல் நகத்தளவு, மெல்லிய ஓடும் கூரான முனையும் உள்ள லிம்னியா நத்தைதான் வேண்டும். அதற்குள் ஒன்று பலநூறாகப் பெருகி, சில வாரங்கள் கழித்து வெளியே நீந்தி வந்து, நெல் தாளின் அடிப்பகுதியிலும் வரப்புப் புல்லிலும் கூடு கட்டி ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்குவது தைக்குள் முடிந்துவிடும். ஆடு போய் இறங்குவதும் அப்போதுதான். தின்ற கூடு குடலில் உடைந்து, குடற்சுவரைத் துளைத்து, வயிற்றறை வழியாக ஈரலை அடையும். ஈரல் சதையைத் தின்றுகொண்டே இரண்டு மூன்று மாதம் அலைந்த பிறகுதான் பித்தக் குழாயில் குடியேறி முட்டையிடும். ஆக, மாசியில் தின்றது ஆனி, ஆடியில் தாடையில் தெரிகிறது. ஈரத்தில் வாங்கிய நோய்க்கு ஆடு வறண்ட காட்டில் சாகிறது.

பிறகு திருவாரூர், மன்னார்குடிப் பக்கம் மாற்றல் வந்தது. அதே நோயின் இன்னொரு முகத்தை அங்கே பார்த்தேன். பங்குனிக் கடைசியில் ஒருநாள் காலையில் ஆள் ஓடி வந்தார். ராத்திரி நன்றாயிருந்த ஆடுகள் கிடையிலேயே செத்துக் கிடக்கின்றன. கொழுத்த ஆடுகள், தாடை வீக்கமில்லை, கழிச்சலில்லை. கீதாரியின் ஆட்கள் ஒரு பக்கம், நிலக்காரர் ஒரு பக்கம், நடுவில் பஞ்சாயத்துக்காரர். பக்கத்து உளுந்து வயலில் அடித்த மருந்துதான் ஆட்டைக் கொன்றது என்று இவர்கள். வேலி தாண்டி மேய்ந்தது யார் குற்றம் என்று அவர்கள்.

அங்கேயே ஒன்றை அறுத்தேன். வயிற்றறை நிறைய இரத்தம் கலந்த நீர். ஈரல் வீங்கி, மேலெல்லாம் சிவந்த கோடுகள். அழுத்தினால் சதை நொறுங்கியது. ஒரு துண்டை வெந்நீரில் பிழிந்து கறுப்புச் சட்டியில் ஊற்றினேன். மிகச் சிறிய, நிறமற்ற குஞ்சுப் புழுக்கள் மிதந்தன. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பூச்சிமருந்துச் சண்டை அதோடு முடிந்தது. நஷ்டம் யாருடையது என்ற சண்டை மட்டும் தொடர்ந்தது, அதற்கு நான் மருந்து வைத்திருக்கவில்லை.

இந்த இரண்டாவது முகம்தான் இளம் டாக்டர்களைக் குழப்பும். புழுக்கையைச் சோதித்தால் முட்டை ஒன்றுகூட இருக்காது. புழு இன்னும் வயதுக்கு வரவில்லை, முட்டைக்கு எங்கே போகும்? பரிசோதனைச் சீட்டில் 'இல்லை' என்று எழுதி வந்ததை நம்பி, தட்டைப்புழு இல்லை என்று முடிவு கட்டியவர்கள் பலர். முட்டை இருந்தால் நோய் உண்டு. இல்லாவிட்டால் எப்போது, எங்கே மேய்ந்தது என்று கேட்டு நாள் எண்ண வேண்டும்.

முட்டை தேடுவதிலும் ஒரு கைப்பழக்கம் உண்டு. உருளைப்புழு முட்டைக்கு உப்புக் கரைசலில் மிதக்கவிடும் முறை போதும். தட்டைப்புழு முட்டை கனமானது, அதில் அது அடியிலேயே கிடந்துவிடும். அதனால் சாணத்தை நிறையத் தண்ணீரில் கரைத்து, டீ வடிகட்டியில் வடித்து, கண்ணாடி டம்ளரில் சற்று நேரம் அசையாமல் வைத்து, மேல் தண்ணீரைச் சாய்த்துவிட்டு மறுபடி ஊற்றுவோம். தெளியும்வரை இதே வேலை. கடைசி வண்டலில் ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் விட்டால் கசடெல்லாம் நீலமாகிவிடும், முட்டை மட்டும் பித்தத்தில் ஊறிய பொன்மஞ்சளில் தனியாகத் தெரியும். மஞ்சள் இல்லாமல் வெளிறியிருந்தால் அது இரைப்பையில் இருக்கும் ஆம்ஃபிஸ்டோம் என்ற தட்டைப்புழு, வேறு ஆள்.

அந்த வேறு ஆளும் லேசுப்பட்டதில்லை. முதிர்ந்த ஆம்ஃபிஸ்டோம் இரைப்பைக்குள் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மாடு பாட்டுக்குப் பால் கொடுக்கும். குஞ்சுகள் சிறுகுடலில் இருக்கும்போதுதான் ஆபத்து. நாற்றமடிக்கிற தண்ணிக் கழிச்சல் பீய்ச்சியடிக்கும். ஆடு தண்ணீர்த் தொட்டியை விட்டு நகராமல் வாயை அதிலேயே வைத்துக்கொண்டு நிற்கும். கழிச்சலைத் தண்ணீரில் அலசினால் இளஞ்சிவப்பாகக் குஞ்சுகள் கண்ணுக்கே தெரியும். அதிலும் முட்டை தேடிப் பயனில்லை.

கறிக்கடைக்காரர்களிடம் நான் கற்றது நிறைய. கடைத்தெருவில் ஒரு பாய் இருந்தார். ஈரலைக் கையில் எடுத்த எடையிலேயே சொல்லிவிடுவார். அடிமாட்டு ஈரலில் பித்தக் குழாய்க்குள் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிடும், கத்தி இறங்கும்போது நறநறவென்னும். "இது ஆத்துப் பக்கத்து உருப்படி, டாக்டர் சார்" என்பார். எந்த ஊர்ச் சந்தையில் வாங்கிய ஆட்டில் இந்த வருஷம் புழு அதிகம் என்று அவர் சொன்னால், அந்த ஊருக்கு அடுத்த வாரம் மருந்தோடு போய்விடலாம். அறிக்கைகள் வந்துசேர மாதக் கணக்காகும்.

ஈரல் தின்றால் நமக்கும் வருமா என்று ஜனங்கள் கேட்பார்கள். வராது. கெட்டதை அரிந்து எறிந்துவிட்டுச் சமைத்ததில் பயமில்லை. மனிதனுக்கு வருவது மாட்டுக்கு வருகிற அதே வழியில்தான்: கூடு ஒட்டிய நீர்த்தாவரத்தைப் பச்சையாகத் தின்பதாலும், அந்தத் தண்ணீரைக் குடிப்பதாலும். கீரையை வேகவைத்துத் தின்கிற பழக்கம் நம்மைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

மருந்து மாறிய கதையைச் சொல்ல வேண்டும். நான் சேர்ந்தபோது ஆட்டுக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1920களிலேயே கண்டுபிடித்த வைத்தியம். புழுவைக் கொல்லும், கூடவே ஈரலையும் பதம் பார்க்கும். ஏற்கெனவே நொந்த ஈரல். மருந்து கொடுத்த மறுநாள் கிடைக்குப் போகவே பயமாயிருக்கும். மாட்டுக்கு ஹெக்ஸாகுளோரோஈதேன். பிறகு ஆக்ஸிகுளோசனைடு வந்தது, நிம்மதியாக மூச்சுவிட்டோம். கறவை மாட்டுக்கும் கொடுக்கலாம், ஆம்ஃபிஸ்டோமையும் பார்த்துக்கொள்ளும். ஆனால் முதிர்ந்த ஈரல் புழுவை மட்டுமே கொல்லும். நைட்ராக்ஸினில் தோலுக்கடியில் போடும் ஊசி. மருந்து பட்ட இடமெல்லாம் மஞ்சள். வெள்ளாட்டுக்காரர்கள் என் கையைப் பார்த்தே இன்று எந்த ஊசி என்று சொல்லிவிடுவார்கள்.

1980களில் உலகச் சந்தைக்கு வந்த ட்ரைக்ளாபெண்டசோல்தான் பெரிய மாற்றம். ஈரல் சதையில் அலைகிற ஓரிரு வாரக் குஞ்சையும் அது கொல்லும். பங்குனிச் சாவை நிறுத்த முடியும் என்ற நம்பிக்கை அப்போதுதான் வந்தது. விலைதான் இடித்தது. கறக்கிற மாட்டுக்கும் அது ஆகாது. அதே மருந்தையே வருஷக்கணக்கில் கொட்டியதில், ஆஸ்திரேலியாவில் 1990களின் நடுவிலேயே புழு அதற்கு மசியாமல் போயிருக்கிறது. மனிதர்களுக்கும் இந்த நோய்க்கு அதுதான் மருந்து என்பதால் வீணடிக்கக் கூடாத சரக்கு.

குளோசண்டெல் பற்றி ஒரு வார்த்தை. நல்ல மருந்து, அளவு தவறினால் ஆட்டின் கண் போய்விடும். ஒரே புட்டியைக் கண் மதிப்பில் எல்லா ஆட்டுக்கும் சமமாக ஊற்றுகிற வழக்கம் நம்மிடம் இருப்பதால் சொல்கிறேன். குட்டிக்கு ஊற்றியது தாயின் அளவு என்றால், இரண்டொரு நாளில் அது சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பார்வை திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. எடை போடத் தராசு இல்லாவிட்டால் நெஞ்சுச் சுற்றளவு எடுக்க ஒரு தையற்காரர் டேப் போதும். இதைச் சொன்னால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டு வாங்கிக்கொள்வார்கள்.

பாசனப் பகுதியில் இன்னொரு தட்டைப்புழு வியாதியும் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், இன்றைய பிள்ளைகள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். உழவு மாட்டின் குறட்டை. தெருமுனையில் வண்டி வரும்போதே சத்தம் கேட்கும். மூக்கினுள் பூக்கோசு வடிவில் சதை வளர்ந்து அடைத்துக்கொள்ளும். சளி கட்டியாக ஒழுகும். மாடு வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு ஏரில் நிற்கும், இரண்டு சால் ஓட்டினால் படுத்துவிடும். உம்பளச்சேரி மாடுகளில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதே சேற்றில் கிடக்கிற எருமைக்கு அவ்வளவு துன்பமில்லை. மூக்கின் இரத்தக் குழாய்க்குள் வாழ்கிற சிஸ்டோசோமா நேசேல் என்ற புழு இதற்குக் காரணம். சென்னை மாகாணத்து மாடுகளில் இதைக் கண்டு 1933-இல் விவரித்தவர் எம். ஆனந்த் நாராயண் ராவ். மூக்குச் சளியை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் முட்டை வளரி வடிவில் வளைந்து கிடக்கும், ஒருமுறை பார்த்தால் மறக்காது.

இந்தப் புழு வாய் வழியாக வருவதில்லை. நத்தையிலிருந்து வந்த குஞ்சு தண்ணீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்து நேராக உள்ளே போகும். எங்கள் கையில் இருந்தது ஆந்தியோமலைன் ஊசி. ஆன்டிமனி கலந்தது, தசையில் ஆழமாக, வாரம் ஒன்றாகப் போட வேண்டும். இரண்டாவது ஊசிக்குள் குறட்டை குறையும். விவசாயி கும்பிடு போடுவார். அடுத்த நடவுக்கு மாடு அதே சேற்றில் இறங்கும், குறட்டை திரும்பும். "ஊசி பவர் இல்ல டாக்டர் தம்பி" என்பார். ஊசியில் குறையில்லை, மாட்டை மறுபடியும் அதே தண்ணீரில் நிறுத்துகிறோம் என்று சொன்னால், "தண்ணியில நிறுத்தாம எப்படி உழுவுறது?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு எந்த மருத்துவக் கல்லூரியிலும் பதிலில்லை. பதில் வேறு திசையிலிருந்து வந்தது. பவர் டில்லரும் டிராக்டரும் வந்தன, உழவு மாடு போயிற்று, குறட்டையும் போயிற்று. நாங்கள் ஒழித்ததாகச் சிலர் பேசிக்கொள்வதுண்டு.

இதே குடும்பத்துப் புழுக் குஞ்சுகள் நடவாள் பெண்களின் காலிலும் புகப் பார்க்கும். மனித உடம்பில் பிழைக்கத் தெரியாமல் தோலிலேயே செத்துப்போகும். அந்த அரிப்பும் தடிப்பும்தான் சேற்றரிப்பு என்று எண்ணெய் தடவிக்கொள்பவற்றில் ஒரு பங்கு. ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கானவர்களைப் படுத்துகிற மனித சிஸ்டோசோமா நம் நாட்டில் ஊன்றவில்லை. மகாராஷ்டிரத்தில் ரத்தினகிரிப் பக்கம் கிம்வி என்ற ஒரே கிராமத்தில் மூத்திரத்தில் இரத்தம் போகும் அந்த வியாதி இருந்ததை 1952-இல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நத்தையைக் கொன்றால் போதாதா என்று கேட்காத மேலதிகாரி இல்லை. மயில்துத்தம் கரைத்து ஊற்றினால் நத்தை சாகும், மீனும் சேர்ந்து சாகும். குளத்து மீனை ஏலம் எடுத்தவர் நம்மைச் சும்மா விடுவாரா? ஊற்றிய தண்ணீர் வாய்க்காலில் போனதும் மேலிருந்து புது நத்தை வரும். அறுவடை வயலில் இறங்கும் வாத்துக்காரர்கள் சம்பளமில்லாமல் அந்த வேலையில் ஒரு பங்கைச் செய்துவிட்டுப் போகிறார்கள்.

வைக்கோலில்தான் கொஞ்சம் பலன் கண்டேன். ஈர வயலில் அறுத்த தாளின் அடிப்பாகம்தான் கூடு ஒட்டும் இடம். நன்றாகக் காய்ந்து, போரில் மாதக்கணக்கில் கிடந்த வைக்கோலில் அது செத்துவிடும். அறுத்த கையோடு பச்சையாகப் போடுவதுதான் வினை. 2011-இல் அரசு விலையில்லாக் கறவை மாடு கொடுக்கத் தொடங்கியபோது நிலமில்லாத வீடுகளுக்கும் மாடு வந்தது. மேய்க்க நிலமில்லை, வைக்கோல் வாங்கக் காசில்லை. வாய்க்கால் கரையில் தண்ணீருக்குள் கைவிட்டு அறுத்து வந்த புல்தான் அந்த மாடுகளின் தீனி. கலப்பின மாடு பால் குறைந்து, சினை நிற்காமல் இழுத்துக்கொண்டிருக்கும். தாதுஉப்பு, ஊசி என்று செலவழித்துவிட்டு வருவார்கள். "புல்லை எங்கம்மா அறுக்கிற?" என்றால், "ஆத்தோரந்தான் சார், நல்லா பச்சப்பசேல்னு இருக்குமே" என்று பெருமையாகச் சொல்லும் அந்தப் பெண்ணிடம், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே அறு, ரெண்டு மூணு நாள் வெயிலில் போடு என்று சொல்லி அனுப்புவேன். செய்தவர்களுக்கு மருந்துச் செலவு குறைந்தது.

சுவரில் மாட்டும் குடற்புழு நீக்க அட்டவணைகளில் மாசத்தின் பெயர் அச்சடித்திருக்கும். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. பிரிட்டனில் 1959-இலேயே ஒலரன்ஷாவும் ரோலண்ட்ஸும் மழை, ஈரக் கணக்கை வைத்து, எந்த வருஷம் ஈரல் புழு பெருகும் என்று முன்கூட்டிச் சொல்ல வழி கண்டார்கள். நமக்கு மழையோடு மேட்டூர் அணையையும் சேர்க்க வேண்டும். வழக்கப்படி ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 அடைப்பு. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 ஆகிவிட்டது. தண்ணீர் இரண்டு மாதம் தள்ளிப்போனால் நடவும் அறுவடையும் கிடையும் தள்ளிப்போகும், புழுவும் தள்ளிப்போகும். அட்டவணை மட்டும் நகராது. அதனால் கிடை வயலில் இறங்கிய நாளிலிருந்து எண்ணச் சொல்வேன். ஒன்றரை மாதம் போல ஆனதும் குஞ்சைக் கொல்கிற மருந்து. ஊர் திரும்பிய பின் முதிர்ந்ததைக் கொல்கிற மருந்து. இது தவிர, தையில் புறப்படும் முன்பே ஒரு தடவை. போன வருஷத்துப் புழுவைச் சுமந்துபோய் அங்கே வாய்க்காலில் முட்டை போடாமலிருக்க.

இந்த மூன்றாவதில்தான் கீதாரிகள் பிடிவாதமாக நிற்பார்கள். ஒருவர் நேராகவே கேட்டார்: "தையில ஆடு நல்லாத்தானே இருக்கு, அப்ப ஏன் சார் ஊத்தணும்?" அடுத்த வருஷம் அந்த வயலில் புழு குறையும், உங்கள் ஆடு, மற்றவர் ஆடு, அந்த ஊர் மாடு எல்லாவற்றுக்கும் நல்லது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அந்த மருந்துக்கு நிலக்காரர்தானே காசு குடுக்கணும்?" என்றார்.

கேட்டது நியாயம்தான். தெரிந்த நிலக்காரர்கள் சிலரிடம் அவர் சார்பில் பேசிப் பார்த்தேன். ஒருவர் மட்டும் கிடைக்கூலியோடு மருந்துக் காசையும் சேர்த்துக் கொடுத்தார், அதுவும் தன் மாட்டின் ஈரலைக் கறிக்கடை பாயிடம் பார்த்த பிறகு. மற்றவர்கள், "ஆடு அவங்க ஆடுதானே டாக்டர்?" என்றார்கள்.